இருநூற்றுப் பதினோராம் பக்கம்

அத்தியாயம் 6

கதவைத் திறந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "சார் இருக்காரா?"

"வெளியே போயிருக்கார். என்கிட்ட சொல்லுங்க" என்றார் அண்ணி.

சார் என்பது என் அண்ணன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். வாசல் போர்டில் இன்னும் அவன் பெயர்தான் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அண்ணி இதே பதிலைத்தான் சொல்வார். நானும் திருத்துவதில்லை. துப்பறியும் நிறுவனம் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. மூளை அண்ணியுடையது, வாய் என்னுடையது. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய தாடை மாதிரி இருந்தோம் இருவரும். தொட்டால் தெரியும், வலிக்காது.

வந்தவர் ஓர் ஆய்விதழின் துணை ஆசிரியர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்களது வட்டாரவியல் இதழ் மேடம். எந்த ஊர் எந்த ஊரை நம்பிப் பிழைக்குது, சந்தைக்கு ஜனங்க எவ்வளவு தூரம் நடக்கிறாங்க, பஸ் வந்தா சின்ன ஊர் வளருமா தேயுமா, இந்த மாதிரி ஆராய்ச்சிதான் போடுவோம்."

"இதையெல்லாம் யார் படிப்பாங்க?" என்றேன்.

"படிக்கிறதை விடுங்க சார். எண்ணுவாங்க."

எப்படி எண்ணுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். ஓர் இதழில் வந்த கட்டுரையை மற்ற கட்டுரையாளர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தரக் குழு ஒன்று கணக்கெடுக்கும். அதிலிருந்து வருவது தாக்க எண். எண் நன்றாக இருந்தால் இதழ் தரப்பட்டியலில் இருக்கும். பட்டியலில் இருக்கும் இதழில் எழுதியவர்களுக்குத்தான் கல்லூரியில் பதவி உயர்வு.

"ரெண்டு வருஷமா எங்க எண் சரசரன்னு மேல போயிடுச்சு."

"வாழ்த்துகள்!"

"அதான் சார் பிரச்சனையே. ஏறினது முழுக்க ஒரே ஒரு கட்டுரையால. எங்களுக்கு எழுதறவங்க எல்லாரும் அதை மேற்கோள் காட்டறாங்க. அப்படிக் காட்டச் சொல்லி நான் மிரட்டினேன்னு குழு சந்தேகப்படுது. ஏன்னா கட்டுரையைத் திருத்தி அனுப்புங்கன்னு போற கடிதமெல்லாம் என் கையெழுத்துல போகுது." கைப்பையின் வாரை முறுக்கினார். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள விளக்கம் தரலேன்னா குத்தம் என் பேர்ல பதிவாகிடும். அப்புறம் எந்த இதழும் என்னை வாசல்படி ஏத்தாது. எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாது மேடம்."

"அந்தக் கட்டுரையை எழுதினது யாரு?" அண்ணி கேட்டார்.

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். அந்த ஆள் நேர்ல வந்து, 'இந்தம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது'ன்னு சொன்னாலே நான் தப்பிச்சிடுவேன்."

ஒரு துண்டுத் தாளை நீட்டினார். 'வாரச் சந்தையும் நடை தூரமும்', தொகுதி 14, இதழ் 3, பக்கம் 211 முதல் 230 வரை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முதலெழுத்துகள் மட்டும். அந்த நிமிஷமே அவருக்கு 'இனிஷியல்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"கட்டுரை எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

துணை ஆசிரியர் கைப்பையைப் பார்த்தார். "நான் படிச்சதில்லை. அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின வருஷம், பத்து வருஷம் முன்னால வந்தது. அந்தத் தொகுதியெல்லாம் இணையத்துல ஏத்தலே."

"உங்க ஆசிரியர் என்ன சொல்றார்?"

"சார் எதுக்கும் 'சரி'ன்னுதான் சொல்வார். குழுவிலருந்து கடிதம் வந்ததைச் சொன்னேன், சரின்னார். என் வேலை போயிடும் சார்னு அழுதேன். அதுக்கும் சரின்னார்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

*

இனிஷியலை அதிகமாக மேற்கோள் காட்டியவர் ஒரு பேராசிரியர். அவர் அறையில் புத்தகத்தைவிடக் கேடயங்கள் அதிகம். சுழல் நாற்காலியில் இருந்தபடியே எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் திருப்பினார்.

"அதுவா? ஆஹா, முன்னோடியான கட்டுரை! ஜனங்க சின்ன ஊரை விட்டு நகரத்துக்குப் போயிட்டே இருக்காங்கன்னு முதல்முதல்ல சொன்னவர் அவர்தான்."

"எதை வெச்சுச் சொல்றார்?" என்றார் அண்ணி.

"அது வந்து... முறையியல் அடிப்படையில."

"எத்தனை பக்கம் சார்?" இது நான்.

"இருபது பக்கம்." சட்டென்று பதில் வந்தது.

"ஆளை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"ஏன் பார்க்காம? ஒரு கருத்தரங்குல பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நல்ல உயரம். கண்ணாடி போட்டிருப்பார். அதிகம் பேச மாட்டார்."

வெளியே வந்ததும் சொன்னேன். "உயரம், கண்ணாடி, பேச மாட்டார். அண்ணி, போஸ்ட் கம்பத்துல பல்பு மாட்டினா இப்படித்தான் இருக்கும். கைது பண்ணிடலாமா?"

"அடுத்தது யாரு?" என்றார் அண்ணி. சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. ஜோக் அடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தவர் ஒரு விரிவுரையாளர். பரீட்சை மேற்பார்வையில் இருந்தார். ஒரு காலை ஹாலுக்குள் வைத்துக்கொண்டு, மறு காலை வராந்தாவில் வைத்துக்கொண்டு, கிசுகிசுப்பாகப் பேசினார். உள்ளே பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க கட்டுரையில இவரை மேற்கோள் காட்டியிருக்கீங்களே, இவர் என்ன சொல்றார்?" அண்ணியும் கிசுகிசுத்தார்.

"நகரத்துக்குப் போனவங்க சொந்த ஊருக்குத் திரும்பி வர்றாங்கன்னு சொல்றார் மேடம்."

"பேராசிரியர் ஒருத்தர், ஊரை விட்டுப் போறாங்கன்னு இவர் சொன்னதா எழுதியிருக்காரே?"

"அப்படியா?" கண்களை ஒரு தடவை கொட்டினார். "அப்போ வழியில ரெண்டு கூட்டமும் சந்திச்சிருக்கும்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அண்ணி பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றால் எதிராளிக்குத் தாங்காது.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். நான் அதைப் படிக்கவே இல்லை. அது மாதிரிக் கோப்புலேயே வந்துச்சு."

"புரியலே."

"அந்த இதழுக்கு அனுப்பணும்னா அவங்க தர்ற மாதிரிக் கோப்பு மேலேயே நம்ம கட்டுரையைத் தட்டச்சு பண்ணணும். கடைசியில மேற்கோள் பட்டியல் இருக்கும். எந்த வடிவத்துல எழுதணும்னு காட்ட ஒரே ஒரு வரியை உதாரணமா அவங்களே போட்டிருப்பாங்க. அந்த வரிதான் இது. நான் அழிக்க மறந்து அப்படியே அனுப்பிட்டேன்."

"பட்டியல்ல மறந்தீங்க, சரி. கட்டுரைக்குள்ள எப்படி வந்தது?"

அவர் ஹாலுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார். "துணை ஆசிரியர் கடிதம் போட்டாங்க. 'இந்தக் கட்டுரை மேற்கோள் பட்டியலில் உள்ளது, கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை, சரிசெய்யவும்'னு. அழிச்சிருக்கலாம். ஆனா அது அவங்க இதழ்லயே வந்த கட்டுரை இல்லையா? அழிச்சா முகத்துல அடிச்ச மாதிரி ஆகிடுமோன்னு, உள்ளே ஒரு வரி சேர்த்து அவரை நுழைச்சிட்டேன். எல்லாரும் அப்படித்தான் மேடம். கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தோம். வராந்தாவில் நின்றபடியே போனில் இன்னும் நாலு பேரைப் பிடித்தேன். மூன்று பேர் இதே கதையைச் சொன்னார்கள். நாலாமவர், மூன்றாமவர் காட்டியதால் தானும் காட்டியதாகச் சொன்னார். ஒருத்தர் இனிஷியலை மீனவர் குடியிருப்பு நிபுணர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, நம்ம கட்சிக்காரரே ஒழுங்கா வேலை பார்த்துத் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டிருக்காங்க. அவங்க அந்தக் கடிதத்தைப் போடலேன்னா ஒரு மேற்கோளும் வந்திருக்காது."

"குழுவும் அதைத்தான் சொல்லும்" என்றார் அண்ணி. "கடிதம் போட்டா, மேற்கோள் வந்தது. இவ்வளவு போதும் அவங்களுக்கு. கட்டுரையைப் பார்க்கணும், வா."

*

இதழ் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. பின்பக்க அறையில் இரும்பு அலமாரி. தொகுதிகளைத் தோல் அட்டை போட்டுக் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வருஷத்துக்கு மூன்று இதழ், மூன்றும் சேர்ந்தால் ஒரு தொகுதி. பதினான்காவதைத் துணை ஆசிரியர் உருவி எடுத்துக் கொடுத்தார்.

"இளைச்சிருக்கே" என்றேன். பக்கத்துத் தொகுதிகளைவிட அது ஒரு விரற்கடை ஒல்லி.

அண்ணி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இதழ் 2, பக்கம் 210. அதற்குப் பிறகு பின்னட்டைதான்.

"மூணாவது இதழ் எங்கே?"

"யாராவது எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தராம இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் துணை ஆசிரியர்.

அண்ணி தொகுதியின் முதுகைத் தடவிப் பார்த்தார். தையல் இறுக்கமாக இருந்தது. பிரித்த தடமோ கிழித்த தடமோ இல்லை. "கட்டும்போதே ரெண்டு இதழ்தான் இருந்திருக்கு. மூணாவது வரவே இல்லை."

துணை ஆசிரியர் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். "இதழே வரலேன்னா... கட்டுரை?"

"கட்டுரையும் இல்லை. ஆளும் இல்லை" என்றேன். "பேராசிரியர் பாவம், காலி நாற்காலி பக்கத்துல உட்கார்ந்து கருத்தரங்கு கேட்டிருக்கார்."

துணை ஆசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. இனிஷியல் வந்து காப்பாற்றுவார் என்று காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தவர். இப்போது இல்லாத ஒரு கட்டுரையைத் தானே உண்டாக்கியதாகவும் குற்றம் சேரும். அதை என் வாயே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சங்கடமாக இருக்க வேண்டிய இடம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலண்டரில் தேதி பார்ப்பது போலத்தான் அவரைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. இது உங்க வேலை இல்லை" என்றார் அண்ணி.

"எப்படிச் சொல்றீங்க?" நான்தான் கேட்டேன். "மூணாவது இதழ் இல்லேங்கறது தெரிஞ்சவங்க யார் வேணா போட்டிருக்கலாமே?"

"ஏமாத்த நினைக்கிறவன் நிஜமா இருக்கிற வீட்டு விலாசம்தான் கொடுப்பான் தம்பி. அப்போதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ரெண்டாவது இதழ் 210-ல முடியுது. இந்தக் கட்டுரை 211-ல ஆரம்பிக்குது. அச்சாகியிருந்தா முதல் பக்கமே இதுதான். அதுக்கு இருபது பக்கம்னு கணக்கும் இருக்கு. கட்டாத வீட்டுக்குக் கதவு நம்பர் தெரியும்னா, அந்த வீட்டைக் கட்ட நெனச்சவருக்குத்தான் தெரியும்." தொகுதியை மூடினார். "மாதிரிக் கோப்பைச் செஞ்சது யாரு?"

"சார்" என்றார் துணை ஆசிரியர். சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே நம்பாமல் நின்றார். "நான் சேர்றப்பவே இருந்தது. சார்தான் செஞ்சார்."

ஆசிரியர் அறை நடைக்கூடத்தின் மறுகோடியில். துணை ஆசிரியர் முன்னால் விறுவிறுவென்று போனார். எனக்கு ஒன்று புரியவில்லை.

"எதுக்கு அண்ணி? தாக்க எண் ஏறணும்னா? பத்து வருஷம் முன்னாலயே திட்டம் போட்டா?"

"ஒரு இதழை ஒருத்தர் நிறுத்தறார்னா, அந்த வருஷம் அவர் வீட்டுல என்னவோ நடந்திருக்கணும்" என்றார். நடையை நிறுத்தவில்லை. "போன வருஷம் நம்ம ஆபீஸை எவ்வளவு நாள் பூட்டி வெச்சிருந்தோம்?"

ஒரு வருஷமாக இதைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

*

ஆசிரியர் அறுபதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. பென்சிலால் ஏதோ கட்டுரைக்குத் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி, "சரி, உட்காருங்க" என்றார்.

அண்ணி உட்கார்ந்தார். "பதினாலாம் தொகுதி, மூணாவது இதழ் ஏன் வரலே?"

"அச்சகத்துல தாமதம்."

"எவ்வளவு நாள் தாமதம்?"

"இன்னும் வரலே" என்றார். நிஜமாகவே அச்சகத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் போலத்தான் சொன்னார்.

"211-ஆம் பக்கத்துல யாரோட கட்டுரை வர்றதா இருந்தது?"

பென்சிலைக் கீழே வைத்தார். உருண்டு போகாதபடி பக்கத்தில் அழிரப்பரை அணை கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "என் பொண்ணோடது."

துணை ஆசிரியர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சந்தைக்கு வர்றவங்களோட கூடவே நடப்பா. எந்த இடத்துல மூச்சு வாங்கி உட்கார்றாங்க, எந்த ஊர்க்காரங்க பாதி வழியிலேயே திரும்பிடறாங்க, எல்லாம் கேட்டுக் கேட்டு வருவா. சொந்த அப்பா இதழ்ல வந்தா சலுகைன்னு சொல்வாங்கப்பா, முழுப் பேர் போடாதீங்கன்னு சொன்னா. மத்த கட்டுரையெல்லாம் தயார். அவளுக்கு மட்டும் முன்னால இருபது பக்கம் விட்டு வெச்சேன். காய்ச்சல்னு படுத்தா. எழுதி முடிக்கலே."

"எவ்வளவு எழுதியிருந்தாங்க?"

"தலைப்பு."

மேலே மின்விசிறி ஒரே சீராகச் சுற்றியது.

"அடுத்த வருஷம் மாதிரிக் கோப்பு பண்ண வேண்டி வந்தது. உதாரணத்துக்கு ஒரு வரி வேணும். கை இதை எழுதிடுச்சு. மாத்திக்கலாம்னு விட்டேன். ரெண்டு வருஷம் முன்னால எல்லாரும் அந்தக் கோப்புலதான் அனுப்பணும்னு விதி வந்தது. அப்புறம் ஒரு கட்டுரையில யாரோ அவளை மேற்கோள் காட்டியிருந்தாங்க. அடிக்கலாம்னுதான் பென்சிலை எடுத்தேன்." அண்ணியைப் பார்த்தார். "அவ என்ன சொன்னதா எழுதியிருக்காங்கன்னு முதல்ல படிச்சுப் பார்த்தேன்."

"என்ன சொல்லியிருந்தாங்க?"

"ஜனங்க ஊரை விட்டுப் போறாங்கன்னு. அடுத்த கட்டுரையில, திரும்பி வர்றாங்கன்னு. ரெண்டுமே அவ சொல்லக்கூடியதுதான். மீனவர்களைப் பத்திக்கூட ஒண்ணு சொல்லியிருந்தா. எனக்கே தெரியாது, அவளுக்கு அதுல ஈடுபாடு உண்டுன்னு. ஒவ்வொரு இதழுக்கும் ஏதாவது புதுசா சொல்லிட்டே இருந்தா. நான் படிச்சிட்டே இருந்தேன்."

என் கையில் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். தேடினேன், இல்லை.

துணை ஆசிரியருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உங்க துக்கம் எனக்குப் புரியுது சார். ஆனா குழு என்னைத் திருடி மாதிரி கேள்வி கேட்டுச்சே? பக்கத்து அறையிலதானே இருந்தீங்க? என் வேலை போகப்போகுதுன்னு உங்க முன்னாடி நின்னு அழுதேனே!"

"அழுதீங்க. பார்த்தேன்" என்றார். "ஏதாவது தோணணும்னு எனக்கும் தெரிஞ்சது. ஒண்ணும் தோணலே. ரொம்ப வருஷமா எதுக்கும் ஒண்ணும் தோணலே. தப்புதான்."

அண்ணி மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார். "கூப்பிடுங்க. நேரம் ஆகுது."

அவர் கூப்பிட்டார். அண்ணி கையை நீட்டி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். குழு அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். நாள் முழுக்க இதே மாதிரி பேசிப் பேசித் தேய்ந்துபோன குரல்.

மாதிரிக் கோப்பைச் செய்தது தான், அந்த வரியைப் போட்டது தான், மேற்கோள்கள் வருவது தெரிந்தும் விட்டது தான், துணை ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது என்று வரிசையாகச் சொன்னார். எழுத்துப் பிழை திருத்துகிற அதே நிதானம்.

"பதிவு பண்ணிட்டேன் சார். அவங்க பேர்ல இருக்கிற புகாரை எடுத்துடறோம். உங்க மேல தனியா விசாரணை வரும்."

துணை ஆசிரியர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அந்தக் கட்டுரையை எங்க பட்டியல்லருந்து நீக்கணும் சார். அதுக்குக் கட்டுரையாளரோட சம்மதம் வேணும்."

"கட்டுரை எழுதப்படவே இல்லைம்மா."

"எங்க பதிவுல இருக்கு சார். பதிவுல இருந்தா சம்மதம் இல்லாம நீக்க முடியாது. கட்டுரையாளர் உயிரோட இருக்காங்களா?"

அவர் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றார்.

"அப்போ வாரிசு சம்மதம் போதும். வாரிசு யாரு சார்?"

"நான்."

"உறவுமுறை?"

"அப்பா."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. குரல் மட்டும் முன்பைவிட மெதுவாக வந்தது. "மன்னிச்சுக்குங்க சார். விதிப்படி கேட்கணும். அவங்க பேரைப் பட்டியல்லருந்து எடுக்க உங்களுக்குச் சம்மதமா? ஆமாம்னு சொன்னாப் போதும், இது பதிவாகுது."

அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"கேட்கலை சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

துணை ஆசிரியர் சுவரிலிருந்து விலகி வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருக்காகப் பேச வாயெடுத்தவர், பேசாமல் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை பட்டதும் ஆசிரியரின் உடம்பு ஒரு தடவை குலுங்கியது.

"ஆமாம்" என்றார். அது அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.